பழைய கேம்பர் வேனில் மைலேஜ் கூட்ட என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: இருபது வருடம் தாண்டிய டீசல் வேன். உயரக் கூரை. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து கேம்பராக மாற்றியிருக்கிறார்கள். முன்பு லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது எட்டைத் தாண்டுவதில்லை. டீசலில் ஊற்றும் அடிட்டிவ், பெரிய ஏர் ஃபில்டர், லேசான இன்ஜின் ஆயில், இவற்றில் எதைப் போட்டால் மைலேஜ் ஏறும்?

மூன்றுமே வேண்டாம். பழைய வண்டியில் புதிதாக எதையாவது மாட்டி மைலேஜ் கூட்டுவது அபூர்வம். வண்டி எங்கேயோ இழந்துகொண்டிருக்கிறது; அது எங்கே என்று தேடுவதுதான் வேலை. அதோடு எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதும் சேர்ந்தால் கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

முதலில் அந்த "எட்டு" உண்மையான எட்டுதானா என்று பாருங்கள். டீசல் முள்ளைப் பார்த்துப் போடும் கணக்கு எதற்கும் உதவாது. டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். முடிந்தவரை அதே பம்ப்பில், வண்டி அதே சாய்வில் நிற்க, டீசல் ஊற்றும் துப்பாக்கி முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். ஒரு டேங்க் கணக்கை நம்பாதீர்கள். மூன்று நான்கு டேங்க்கைக் கூட்டிச் சராசரி எடுங்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று டயர். முன்பு இருந்ததைவிட ஐந்து சதவீதம் பெரிய விட்டமுள்ள டயர் போட்டிருந்தால், மீட்டர் ஐந்து சதவீதம் குறைவாகத்தான் தூரம் காட்டும். வண்டி ஒழுங்காக ஓடும், காகிதத்தில் மட்டும் மைலேஜ் விழும். ஜி.பி.எஸ். வைத்து ஒரு நீண்ட ஓட்டத்தில் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இன்னொன்று கேம்பருக்கே உரியது: டீசல் ஹீட்டர். இரண்டு கிலோவாட் ஹீட்டர் பெரும்பாலும் வண்டியின் டேங்க்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும், மணிக்கு 0.1 முதல் 0.25 லிட்டர் வரை. குளிர் இரவு முழுக்க ஓடினால் ஒரு லிட்டருக்கு மேல் போகும். ஒரு வாரம் தங்கித் தங்கிப் பயணம் செய்தால் ஏழெட்டு லிட்டர், அதாவது அறுபது எழுபது கிலோமீட்டருக்கான டீசல், சக்கரம் சுற்றாமலே தீர்ந்திருக்கும். அதையும் இன்ஜின் தலையில் கட்டிவிட்டு மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டாம்.

அளந்த பிறகும் எட்டுதான் என்றால், டீசல் எங்கே போகிறது என்று ஒரு கணக்கு போடுவோம். இந்த மாதிரி வேன் பயணத்துக்குத் தயாராக நிற்கும்போது 2,800 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முன்புறப் பரப்பு சுமார் 4 சதுர மீட்டர், காற்றுத் தடைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண்) 0.45. சமதளத்தில் சீரான வேகத்தில் இன்ஜின் இரண்டை எதிர்த்து இழுக்கிறது: டயர் உருளும்போது வரும் தடை, எதிரே வரும் காற்று. டயர் தடை ஏறத்தாழ 330 நியூட்டன். வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது. காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 530 நியூட்டன், 100-ல் 830, 110-ல் 1,000.

டயரையும் காற்றையும் கூட்டிப் பார்த்தால், 80-ல் 860, 100-ல் 1,160, 110-ல் 1,330. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் டீசல் கிட்டத்தட்ட இதே விகிதத்தில்தான் போகும். பழைய டீசல் இன்ஜினுக்கு நியாயமான திறனை வைத்துப் பார்த்தால், 80-ல் லிட்டருக்குப் பதினொன்று கொடுக்கும் வண்டி 100-ல் எட்டுக்குச் சற்று மேலே, 110-ல் ஏழுக்கு வந்து நிற்கும். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலே இவ்வளவு வித்தியாசம்! ஆகவே பத்து கொடுத்த காலத்தில் எந்தச் சாலையில், என்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். புதிதாகப் போட்ட அகலமான நெடுஞ்சாலையில் போக ஆரம்பித்ததே காரணமாக இருக்கலாம்.

நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால் 200 கிலோமீட்டருக்கு 100-ல் இரண்டு மணி நேரம், 80-ல் இரண்டரை. அரை மணி நேரம் கூடுதல், ஆறு லிட்டர் மிச்சம். எந்த அடிட்டிவும் இதில் பாதிகூடத் தராது. நான் 85-ஐத் தாண்டுவதில்லை. லாரிகளோடு லாரியாகப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்று மறைப்பில் போகும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மூன்று டன் வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று தெரிந்தவர் அதைச் செய்ய மாட்டார்.

எதிர்க்காற்றும் இதே கணக்குதான். 80-ல் போகும்போது எதிரே மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 100-ல் போகிறீர்கள். கடலோரத்திலும் வெட்டவெளியிலும் போகும்போது ஒரே வண்டி போகும் வழியில் எட்டும் திரும்பும் வழியில் பதினொன்றும் கொடுப்பது இதனால்தான். அப்படிப்பட்ட ஒரு நாளில் வேகத்தை இன்னும் பத்து குறைப்பது, அல்லது காற்று தணியும் காலை வேளைக்குப் பயணத்தைத் தள்ளிவைப்பது லாபம். வண்டியிலேயே வீடு இருக்கிறதே, அவசரம் என்ன?

அடுத்தது கூரை. பத்து கொடுத்ததற்கும் எட்டு கொடுப்பதற்கும் நடுவில் மேலே என்னென்ன ஏறியது? கேரியர், பெட்டி, சைக்கிள், உருட்டி விரிக்கும் பந்தல், ஏணி? கூரைக்கு மேலே காற்றில் நிமிர்ந்து நிற்கும் எதுவும் முன்புறப் பரப்பைக் கூட்டும். கூடவே கூரையின் வளைவில் வழுக்கிப் போய்க்கொண்டிருந்த காற்றைக் கலைத்தும் விடும். காலி கேரியர் சும்மா இருக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். அந்தக் குறுக்குக் கம்பிகள் போடும் சீழ்க்கைச் சத்தம் உங்கள் டீசல்தான். தேவையில்லாதபோது கழற்றிவிடுங்கள். சைக்கிளைக் கூரையிலிருந்து இறக்கிப் பின்கதவில் மாட்டினால் தடை வெகுவாகக் குறையும். வேனின் பின்புறம் ஏற்கெனவே காற்று கலைந்து கிடக்கும் இடம், அங்கே இன்னொன்று தொங்கினால் பெரிதாகக் கெடுதி இல்லை. சோலார் பலகையைக் கால் வைத்து உயர்த்தாமல் கூரையோடு ஒட்டினாற்போல் பொருத்துங்கள். காற்று போக அடியில் இரண்டு விரல் இடைவெளி போதும். முன் விளிம்பில் சரிவான ஒரு தகடு வைத்தால் நல்லது.

இப்போது வண்டியின் கோளாறுகளுக்கு வருவோம். பழைய வேனில் முதலில் நான் சந்தேகப்படுவது இன்ஜினை அல்ல, பிரேக்கை. வருடத்தில் பாதி நாள் நின்றே கிடக்கும் வண்டி இது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடிங் பின்களில் துரு ஏறும், பின்புற வீல் சிலிண்டர் இறுகும், ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் சிக்கி முழுதாகத் திரும்பாது. பிரேக் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டே ஓடினால் ஓட்டுபவருக்குத் தெரியாது. கணக்கைப் பாருங்கள்: ஒரே ஒரு சக்கரத்தில் 80 நியூட்டன் கூடுதல் இழுவை, அதாவது எட்டு கிலோ எடையைத் தூக்கும் விசை, 80 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தத் தடையில் ஒன்பது சதவீதம். அந்தச் சக்தி முழுக்க அந்தச் சக்கரத்தில் சூடாக மாறுகிறது, கிட்டத்தட்ட 1.8 கிலோவாட். ஒரு இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்துச் சக்கரத்துக்குள் பூட்டிவிட்டது போல.

அதனால் கண்டுபிடிப்பதும் சுலபம். அரை மணி நேரம் ஓட்டி, கடைசி ஓரிரு கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை மிதிக்காமல் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, சமதளத்தில் நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் மையத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கேதான் வேலை. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி (மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு) கையால் சுற்றிப் பாருங்கள். டிஸ்க் பிரேக்கில் லேசான உரசல் சத்தம் இயல்பு. ஒரு சுற்றுகூடப் போகாமல் நின்றால் இயல்பு அல்ல. சுற்றும்போது கரகரவென்று கேட்டால் பேரிங்கையும் பார்க்க வேண்டும். இது மைலேஜுக்காக மட்டும் செய்கிற வேலை இல்லை. மலை இறக்கத்தில் ஏற்கெனவே சூடாக இருக்கும் பிரேக் கைவிடுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டயர் காற்றில் கேம்பர்காரர்கள் பலர் தவறுவது ஓரிடத்தில்தான். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் காலி வண்டிக்கு ஒரு அழுத்தம், முழுச் சுமைக்கு ஒரு அழுத்தம் இருக்கும். கேம்பர் என்றைக்கும் காலி வண்டி அல்ல. தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து, எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு எனத் தனித்தனியாக எடை போடுங்கள். அந்த எடைக்கு டயர் நிறுவனத்தின் அட்டவணையில் என்ன அழுத்தமோ அதை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். பயணக் கார் டயரின் 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை மனதில் வைத்துக்கொண்டு இதற்கும் அடிக்காதீர்கள். சுமை தாங்கும் சி வகை டயர்களுக்கு அதைப்போல இருமடங்குவரைகூடத் தேவைப்படும். ஒவ்வொரு பி.எஸ்.ஐ. குறைவுக்கும் மைலேஜில் 0.2 சதவீதம் போகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்குச் சொல்கிறது. 15 பி.எஸ்.ஐ. குறைவாக ஓடும் வேனில் அது மூன்று சதவீதம். டயரில் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டி அடித்தால் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால், ஈரச் சாலையைக் காட்டுங்கள். டயரின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்க்கும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் கூர்மையாகவும் இருந்தால் வீல் அலைன்மென்ட் போய்விட்டது. அதுவும் சத்தமில்லாமல் டீசல் தின்னும்.

இன்ஜினில் முதலில் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வு. திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் வண்டி சூடாவதில்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். சூடேறாத இன்ஜின் உராய்விலும் வெப்ப இழப்பிலும் எரிபொருளை வீணாக்கும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் குளிர்ந்திருப்பதாக எண்ணி பெட்ரோலைக் கூடுதலாகவும் அடிக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதலில் சில நிமிடம் அது குளிர்ந்தே இருக்க வேண்டும், பிறகு தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால், அல்லது இறக்கத்தில் வெப்ப முள் கீழே விழுந்தால், மாற்றிவிடுங்கள். விலை குறைந்த பாகம். ஆனால் 82 டிகிரி என்று எழுதியிருக்கும் இடத்தில் 71 டிகிரி போடும் "கூல்" வைத்தியம் வேண்டாம்.

அதோடு ஃபேனையும் பாருங்கள். பழைய வேன்கள் பலவற்றில் இன்ஜினே சுற்றும் ஃபேன் இருக்கும், நடுவில் ஒரு விஸ்கஸ் கப்ளிங், அதாவது சூடேறும்போது மட்டும் ஃபேனை இறுகப் பிடித்துச் சுற்றும் இணைப்பு. அது இறுகிவிட்டால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் சுற்றும், பல குதிரைத்திறனை விழுங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் விமானம் கிளம்புவது போன்ற இரைச்சல் விடாமல் வந்தால் இதுதான். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றும்போது லேசாகப் பிடித்துச் சுற்ற வேண்டும். அசையவே மறுத்தால் கப்ளிங் போய்விட்டது.

புகையும் கதை சொல்லும். ஏற்றத்தில் கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை: காற்று போதவில்லை, அல்லது இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் முனையான நாசில் பனிபோல் தூவாமல் ஒழுகுகிறது. டர்போ வண்டியில், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. கிளாம்ப்பை இறுக்கினாலே போதுமாக இருக்கும். இன்ஜெக்‌ஷன் டைமிங், அதாவது டீசல் தூவப்படும் நேரம், தாமதமாகிவிட்டால் இழுவை குறையும், சூடேறும் வரை வெண்புகையும் வரும். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு மைலேஜ் விழுந்ததா? அப்படியென்றால் முதல் சந்தேகம் பம்ப் டைமிங் மீது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டி நாசிலைத் தொட்டதே இல்லை என்றால், டீசல் பம்ப் பட்டறையில் கழற்றிக் கொடுத்து, திறக்கும் அழுத்தமும் தூவலும் எப்படி என்று பார்க்கச் சொல்லுங்கள். அடிட்டிவுக்கு வருடா வருடம் கொடுக்கும் காசை ஒரே தடவை இங்கே கொடுக்கலாம்.

புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கினாலும் கரும்புகையும் மந்தமும் வரும். சுத்தம் செய்யுங்கள். அடைத்துவிடச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. பல நாடுகளில் அது சட்டவிரோதம், கிடைக்கும் மைலேஜும் சொல்லும்படியாக இருக்காது.

பெட்ரோல் கேம்பர் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். கார்புரேட்டர் வண்டியில் சோக் முழுதாகத் திறக்கிறதா, ஃப்ளோட் மட்டம் சரியா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் சரி; கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எல்லோரும் மறப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் வேக்குவம் அட்வான்ஸ், அதாவது இன்ஜின் உறிஞ்சும் விசையால் ஸ்பார்க்கைச் சற்று முன்னதாக வரவைக்கும் பாகம். அதனுள் இருக்கும் ரப்பர் தகடு கிழிந்தால், மெதுவாக ஓட்டும்போதுகூட மைலேஜ் கிடைக்காது. மற்றபடி வண்டி நன்றாகவே ஓடும், அதனால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தகடு நகர்ந்து, குழாயை நாக்கால் அடைத்ததும் அப்படியே நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிந்துவிட்டது. இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் ஆக்சிஜன் சென்சாரும் கூலன்ட் வெப்ப சென்சாரும் சோம்பலாவது வழக்கம்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு வரி. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்துப் பார்த்ததில், இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் மைலேஜ் குறையவில்லை, முடுக்கம்தான் குறைந்தது. பழைய டீசலிலும் கார்புரேட்டரிலும் அழுக்கு ஃபில்டர் பாதிக்கும், எனவே சுத்தமாக வையுங்கள். ஆனால் சுத்தமான சாதாரண ஃபில்டரைவிடப் பெரிய ஃபில்டர் எதையும் கூட்டாது. டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை இவற்றையும் இதிலேயே சேர்த்துவிடலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-களிலிருந்து இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்திருக்கிறது. உருப்படியாக உதவியவை மிகச் சில. லேசான ஆயில் என்றால், தயாரிப்பாளர் கையேட்டில் அனுமதித்த வரிசைக்குள் மட்டும்.

எடையைக் குறைத்தால்? குறைக்கலாம், ஆனால் நினைக்கும் அளவுக்குக் கிடைக்காது. மேலே போட்ட கணக்கில் 100 கிலோ இறக்கினால் டயர் தடையில் 12 நியூட்டன் குறையும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. நின்று நின்று போகும் நகர ஓட்டத்திலும் மலை ஏற்றத்திலும் கூடுதலாகத் தெரியும். ஆகவே நூறு லிட்டர் தண்ணீரை நிரப்பிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டாமல், தங்கும் இடத்துக்கு அருகில் நிரப்புங்கள். அழகான மரப் பலகையைப் பிடுங்கி எறிய வேண்டாம்.

கேம்பரில் மின்சாரமும் டீசலிலிருந்துதான் வருகிறது. ஓடும்போது இரண்டாவது பேட்டரிக்கு 30 ஆம்பியர் சார்ஜ் ஏறினால், ஆல்டர்னேட்டர் இழப்பையும் சேர்த்து இன்ஜினுக்கு முக்கால் கிலோவாட் பாரம், மணிக்கு ஏறக்குறைய கால் லிட்டர். சோலார் பலகை அதைக் குறைக்கும். பேட்டரிக்காக நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிடுவது எல்லாவற்றிலும் மோசம். ஐடிலிங்கில் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரித்துவிட்டு அற்பமாகச் சார்ஜ் ஏற்றும்.

ஓட்டும் முறையில் பெரிய ரகசியம் இல்லை. இன்ஜின் உதறாத வரை முடிந்த அளவு உயர்ந்த கியர். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலை எடுத்துவிடுவது. டீசலிலும் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலிலும் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை விட்டால் எரிபொருள் நின்றுவிடும், ஆகவே இறக்கத்தில் நியூட்ரல் போடுவதில் மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஏற்றத்தில் வேகத்தை விடாப்பிடியாகக் காக்காமல் பத்து பதினைந்து விழ விடுங்கள்.

ஐந்தாவது கியர் உள்ள வேறு கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் விகித மாற்றம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினால், எட்டு கொடுக்கும் வண்டி 625 லிட்டர் குடிக்கும். பத்து சதவீதம் மிச்சப்படுத்தினால் வருடத்துக்கு அறுபது லிட்டர் சொச்சம். அதன் விலையைக் கியர்பாக்ஸ் செலவோடு வைத்துப் பாருங்கள். சத்தம் குறைய வேண்டும் என்று செய்தால் சரி, மைலேஜுக்காக என்றால் பெரும்பாலும் கட்டாது.

உங்கள் வண்டிக்கு நான் போகும் வரிசை: இந்த வாரம் புறங்கைச் சோதனை, எடை மேடை, டயர் காற்று, மேல் ஹோஸ். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. அடுத்து கேரியரைக் கழற்றி, 85-ஐத் தாண்டாமல் இரண்டு டேங்க் ஓட்டிக் கணக்கு எடுங்கள். அப்போதும் ஒன்பதரையைத் தொடவில்லை என்றால் நாசிலையும் பம்ப் டைமிங்கையும் பார்க்கப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். போகும்போது ஏற்றத்தில் என்ன நிறப் புகை வருகிறது, குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.